ஐந்தாவது வரிசை, வலமிருந்து இரண்டாவது

கிழக்கு கிட்வாய் நகர், புது தில்லி
1 பிப்ரவரி 2026

அன்புள்ள கவி பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். லிஃப்டுக்குத்தான் சுகமில்லை. அதனால் என் முழங்காலுக்கு உடற்பயிற்சி நடக்கிறது.

உங்கள் முகாமில் டவர் கிடையாது, சாமான் வண்டி வரும்போதுதான் தபாலும் வரும் என்று ரயில் ஏறும் முன் சொன்னாய் அல்லவா, அதனால் பேனாவைத் தேடி எடுத்தேன். நான் கடைசியாக முழுசாக எழுதியது ஒரு லீவு லெட்டர். அதையும் ஆபீசர் திருத்திக் கொடுத்தார். இதைத் திருத்த ஆளில்லை, பொறுத்துக்கொள்.

குடியரசு தின அணிவகுப்பு எப்படி இருந்தது என்று, ஸ்டேஷனிலிருந்து நீ போன் போட்டபோது கேட்டதற்கு, "நல்லாப் போச்சுப்பா" என்று முடித்துவிட்டாய். பட்டாளத்துக்காரி பேச்சு அப்படித்தான் இருக்கும் போல. ஆகவே என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொல்கிறேன்.

வருடா வருடம் ஜனவரியில் அந்தச் சாலையோர நாற்காலிகளுக்கு எண் ஒட்டுகிற கூட்டத்தில் உன் அப்பனும் ஒருவன். ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து டிவியில் பார்ப்பேன். இந்த வருடம் உன் பெயரைச் சொல்லி எங்கள் செக்‌ஷன் ஆபீசர் இரண்டு பாஸ் வாங்கித் தந்தார். நான் ஒட்டிய எண் மேலேயே நான் சாய்ந்து உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் கோணலாக இருந்தது. எந்தக் கழுதை ஒட்டியது என்று கேட்க வாயெடுத்து, ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

உங்கள் படை வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, எல்லாப் புள்ளைகளும் ஒண்ணு போல இருக்கு. இதுல எது நம்மது?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன, தொப்பிகளும் கைகளும்தான் தெரிந்தன. ஆனால் நீ டிசம்பரில் போனில் சொன்னது என்னிடம் இருந்தது. ஐந்தாவது வரிசை, வலமிருந்து இரண்டாவது. வரிசையும் எண்ணும் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பேன், அதுதானே என் பிழைப்பு. "அந்தா போறா பாரு" என்று காட்டினேன். பக்கத்திலிருந்த சர்தார்ஜி, "ஆப்கி பேட்டி?", உங்கள் மகளா, என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஹிந்தி வரவில்லை. "ஆமாங்க" என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது, எழுந்து நின்று கைதட்டினார்.

மறுநாள் ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில் உங்கள் படை முழுவதும் தெரிகிற படம் வந்தது. வரிசை பிடித்து உன்னை மட்டும் வெட்டி எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கடுகு அளவு, அதுவும் தாளித்த கடுகு. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காரும் அந்தோணி, ஏஐ செயலி ஒன்று இருக்கிறது, மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தரும் என்றான். படத்தில் இல்லாத புள்ளிகளை அதுவே யோசித்துப் போட்டுக்கொள்ளுமாம். வராதவனுக்கும் வருகை போடுகிற ஹெட் கிளார்க் மாதிரியா என்று கேட்டேன். ஏறக்குறைய அதேதான் அண்ணே என்றான்.

முதல் தடவை அது தந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். உனக்கு நீலக் கண், உதட்டுச் சாயம், காதில் ஜிமிக்கி. பக்கத்துப் பெண்ணின் துப்பாக்கி நாதஸ்வரம் ஆகியிருந்தது. பிறகு அந்தோணி, ஆளின் தெளிவான படம் ஒன்று கூடக் கொடுத்தால் அதைப் பார்த்துச் சரியாக வரையும் என்றான். உன் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். வந்தது பார், அச்சு அசல் நீ. நிமிர்ந்த கழுத்து, இறுகின கை, உன் முகம்.

கதவு அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. நம் தமிழ் மன்றத்துச் செயலாளர் ராஜகோபாலன் சார் பார்த்துவிட்டு, மார்ச் முதல் தேதி மோதி பாக் சமுதாயக் கூடத்தில் நடக்கும் ஆண்டு விழாவில் எனக்கும் அம்மாவுக்கும் மேடையில் சால்வை போடுவதாகச் சொல்லிவிட்டார். மேடையில் எனக்கு நாற்காலி, பாப்பா. அதற்கு வேறு யாராவது எண் ஒட்டட்டும்.

சின்னப் பிரிண்ட் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உன் தோழிகளுக்குக் காட்டு.

இப்படிக்கு,
தரையில் கால் பாவாத உன் அப்பா,
கதிரவன்


9 பிப்ரவரி

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. படமும் மடங்காமல் வந்தது. நாதஸ்வரம் விஷயத்தை ஹிந்தியில் சொல்லி, நாங்கள் தங்கும் பாரக்கில் எல்லோரும் சிரித்தோம்.

இங்கே ராத்திரி பாட்டிலில் வைத்த தண்ணீர் காலையில் கல்லாக இருக்கிறது. அம்மா கொடுத்த பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. பாதிக்கு மேல் தின்றவர்கள் பீகார்க்காரிகள். எனக்கு இப்போது ரோந்து கிடையாது. ரேடியோ அறையில் உட்கார்ந்து செய்கிற டியூட்டி. ஹீட்டர் உண்டு. ஆராம்தான், கவலை வேண்டாம்.

படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அப்பா, அதை போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். படைக்காரர்கள் போட்டோவை இப்படிப் பொதுவில் போடக்கூடாது என்று இங்கே கண்டிப்பாகச் சொல்வார்கள். மேடை, சால்வை எல்லாமும் வேண்டாம். என்னவோ போல் இருக்கிறது.

படத்தில் கை ரொம்ப நன்றாக இருக்கிறது. என் கை அவ்வளவு நேராகப் போகாது. உஸ்தாத், அதுதான் எங்கள் டிரில் மாஸ்டர், அதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை.

இன்னும் எழுத வேண்டும். வண்டி கிளம்புகிறது, ஹவில்தார் ஜல்தி ஜல்தி என்கிறார்.

கவி


15 பிப்ரவரி

அன்புள்ள கவிக்கு,

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை என் குரலில் சுருதி இறங்கிவிட்டது என்று அவளே காபி போடப் போய்விட்டாள்.

பொதுவில் போடக்கூடாது என்கிறாய். பத்திரிகைக்காரன் உலகத்துக்கே போட்ட படம் அது. நான் ஒரு மூலையை வெட்டி நம் பிளாக்கின் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன், அவ்வளவுதான். அதைப் பார்ப்பவர்கள் யார்? மாடி ஏறுகிறவர்களும் தண்ணீர் கேன் போடுகிறவரும். எதிரி நாட்டுக்காரன் எங்கள் பிளாக்குக்கு வந்தால் லிஃப்ட் இல்லை என்று அவனே திரும்பிப் போய்விடுவான்.

அதனால் இது வேறு விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பத்தாம் வகுப்பு, அதுவும் கணக்கு வாத்தியாரின் கருணையில். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தால் என்ன உளறுவேனோ என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம். படத்தைப் பார்த்துச் சல்யூட் அடிக்கிறவர்கள், அப்பா என்ன வேலை என்று கேட்டு, நாற்காலிக்கு எண் ஒட்டுகிறவர் என்று தெரிந்தால் சிரிப்பார்களோ என்று இருக்கலாம். நியாயம்தான். எனக்கே சில நேரம் சிரிப்பு வருகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் எந்தக் கூட்டத்திலும் பின்னால் நின்று பாய் சுருட்டியவன். என்னை ஒருத்தர் முன்னால் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. என் திறமைக்காக அல்ல, உனக்காக. அதை வேண்டாம் என்று ராஜகோபாலன் சாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழைப்பிதழில் பெயர் வேறு அச்சாகிவிட்டது. கதிரவன் வள்ளி தம்பதியர். தம்பதியர் என்று எங்களைக் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடவில்லை.

நீ உண்மையிலேயே வேண்டாம் என்றால் காரணத்தைச் சொல். விதிமுறையைச் சொல்லாதே. விதிமுறை சொல்ல எனக்கு ஆபீசிலேயே ஆள் இருக்கிறார்கள்.

கை நேராகப் போகாது என்றெல்லாம் அடக்கமாக எழுதாதே. நான் நேரில் பார்த்தேன்.

உன் அப்பா

பின்குறிப்பு: உனக்கு எதற்கு உட்கார்ந்து செய்யும் டியூட்டி என்று அம்மா கேட்கிறாள். நானும்தான்.


21 பிப்ரவரி

அப்பா,

உங்கள் வேலையை நினைத்து எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. டிரெய்னிங்கில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், நாம் மார்ச் பண்ணப்போகிற இடத்தில் வி.ஐ.பி. எங்கே உட்காருவது என்று முடிவு செய்கிறவர் எங்கப்பா என்று. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

காரணம் இது. படத்தில் இருப்பது நான் இல்லை.

ஒத்திகை தொடங்கி ஒரு மாதத்தில் வலது கால் முன்னெலும்பில் வலி வந்தது. எல்லோருக்கும் எங்கேயாவது வலிக்கும். பேண்டேஜைச் சுற்றி, ஷூவை இறுக்கிக்கொண்டு போவோம். வெளியே சொன்னால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். முழு உடையில் நடந்த கடைசி ஒத்திகையில், சல்யூட் மேடைக்கு முன்னால் என் கால் ஒரு நொடி பிந்தியது. யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னால் வந்தவள் அந்த நொடியில் தடுமாறிச் சமாளித்ததும் தெரிந்தது. அன்றைக்கு நான் கீழே விழுந்திருந்தால் ஆறாவது வரிசையும் விழுந்திருக்கும்.

அப்புறம் உஸ்தாதிடம் போய், கால் தாங்காது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "அச்சா கியா", நல்லது செய்தாய், என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான், அதுவும் என்னை வெளியே அனுப்பும்போது.

ரிசர்வில் இருந்த சுஜாதா டோப்போ என் இடத்துக்கு வந்தாள். ஜார்க்கண்டில் கும்லா பக்கத்துப் பெண். உயரம் ஒன்றுதான், ஆனால் அந்த இடத்தில் அவள் நடந்து பழகியதே இல்லை. மீதி இருந்த நாட்கள் முழுக்க நான் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, எந்த விளக்குக் கம்பத்தில் கண்ணைத் திருப்ப வேண்டும், பக்கத்துக்காரி எங்கே மூச்சு வாங்குவாள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னை விட நன்றாகச் செய்தாள். படத்தில் தெரிகிற கை அவளுடையது.

இருபத்தாறாம் தேதி ரிசர்வ் ஆட்களும் முழு உடையில் வருவோம். கடைசி நிமிடம் வரை பின்னால் நிற்போம். படை நகர்ந்ததும் எங்களை பஸ்ஸில் ஏறச் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் இருந்தால் பேண்டு கேட்கும், ஒன்றும் தெரியாது. நீங்களும் அம்மாவும் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஸ்டேஷனில் இருந்து போன் போட்டபோது சொல்லத்தான் போட்டேன். எடுத்ததும் அம்மா, "உங்கப்பா கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை வீங்கிப்போச்சுடி, வெந்நீர் ஒத்தடம் குடுக்கறேன்" என்று சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை.

சுஜாதா வீட்டில் யாரும் தில்லிக்கு வரவில்லை. அவள் அம்மா பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தாராம். கேமரா அந்த வரிசைக்கு வரும் முன்னால் திரும்பிவிட்டது. அவளிடம் ஒரு படமும் இல்லை. அவள் நடந்ததற்கு ஊரெல்லாம் இருக்கிற ஒரே படத்தில் என் முகம் இருக்கிறது. அவள் கட்டில் என் கட்டிலுக்கு அடுத்தது. நீங்கள் அனுப்பிய பிரிண்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

இப்போது நீங்கள் ராஜகோபாலன் அங்கிளிடம் என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை. என்னால்தான். மன்னித்துவிடுங்கள்.

கவி


3 மார்ச்

என் கவி பாப்பாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அடுப்படியில் வைத்து அம்மாவுக்கு வாசித்தேன். படத்தில் இருப்பது நான் இல்லை என்ற இடத்தில் எனக்குக் கண்முன் வந்தது கீழே இருக்கிற நோட்டீஸ் போர்டு. அம்மா கேஸை அணைத்துவிட்டு, "காலு இப்ப எப்படி இருக்காம்? அதை எழுதியிருக்காளா?" என்றாள். பெற்றவளுக்கும் மற்றவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். நீ அதை எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அது இருக்க வேண்டும், அம்மா உத்தரவு.

கீழே போய்ப் படத்தை எடுத்தேன். நான் ஒட்டியது எதுவும் லேசில் வராது, அது உனக்குத் தெரியும். நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது மேல்மாடி ருக்கு மாமி, ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல பொய் ஒன்றும் அகப்படவில்லை, ஃபிரேம் போடப்போகிறேன் என்றேன். அந்த ஒரு பொய்க்கே வியர்த்துவிட்டது.

ராஜகோபாலன் சாரை வீட்டில் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அழைப்பிதழ் போய்விட்டது, படத்தில் இருப்பது உங்கள் பெண் முகம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்றார். என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகவே பட்டது. பொய் சொல்வானேன், இரண்டு நிமிடம்.

மாடியிறங்கும்போது யோசித்தேன். யாருக்கும் தெரியாத ஒரு நொடிக்காக என் பெண் தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் போய் நின்றது உஸ்தாத் முன்னால். நான் நிற்க வேண்டியது கிட்வாய் நகர் ஆட்கள் முன்னால்தானே, அதுவும் பாதிப்பேர் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் எங்களைக் கூப்பிட்டார்கள். பின்னால் திரையில் உன் படம், சுவர் அளவுக்கு. அந்தோணி எனக்குச் சொல்லாமலே செய்துவிட்ட ஏற்பாடு, பாவம், சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறான். சால்வை கழுத்துக்கு வரும் முன் நான் மைக்கைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பின்னால தெரியுறது என் மக முகம். ஆனா அங்க நடந்தது என் மக இல்லை. வரிசை நம்பர பாத்து ஆள் இவதான்னு நான் முடிவு பண்ணிட்டேன். மிஷினுக்கு அவ மூஞ்சியக் குடுத்தேன், அது ஒட்டிக் குடுத்துருச்சு. மிஷின் மேல தப்பு இல்லை. நடந்த புள்ள பேரு சுஜாதா டோப்போ."

கடைசி வரிசையில் யாரோ அப்பளம் கடிப்பது கேட்டது. எனக்கு அடுத்து என்ன சொல்வது என்று மறந்துவிட்டது. அப்போது அம்மா என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். இத்தனை வருடத்தில் காய்கறிக்காரரிடம்கூடச் சத்தமாகப் பேசாதவள்.

"எம் மக சின்னதுல காய்ச்சல் வந்தாக்கூடச் சொல்ல மாட்டா, பரீட்சைக்குப் போயிருவா. அவ தானாப் போயி, காலு முடியல, என்னைய எடுத்துருங்கன்னு சொல்லியிருக்கா. தன்னால மத்த புள்ளைக விழுந்துரக் கூடாதுன்னு. பெறகு அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லியும் குடுத்திருக்கா. சால்வை போடுறதுன்னா அதுக்குப் போடுங்க. நடந்ததுக்கு வேணாம்."

அப்புறம் வந்த கைதட்டலை நான் என்னவென்று எழுதுவேன். அணிவகுப்பில் நான் தட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. ராஜகோபாலன் சார் சால்வையை என்னிடம் கொண்டுவந்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, என்னைத் தாண்டிப் போய் அம்மாவுக்குப் போட்டார். சரியான தீர்ப்பு. எனக்குக் கொடுக்க இருந்த இன்னொன்றை சுஜாதாவின் அம்மாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். மன்றத்தின் பெயரிலேயே பார்சல் போடுகிறோம் என்றார். அவள் வீட்டு விலாசத்தை எழுது.

இதோடு ஒரு சின்னப் படம் வைத்திருக்கிறேன். பத்திரிகைப் படத்திலிருந்து நான் முதலில் வெட்டியது, செயலி தொடாதது. முகம் கடுகுதான். ஆனால் அந்தக் கடுகு சுஜாதாவுடையது. அவளிடம் கொடு. நடந்ததையும் சொல்லிவிடு. அவள் விரும்பினால் தன் தெளிவான படம் ஒன்று அனுப்பட்டும், அந்தோணி அவள் முகத்தையே வைத்துப் பெரிதாக்கித் தருவான். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

பழைய பிரிண்டைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். ருக்கு மாமியிடம் சொன்ன பொய்க்காக ஃபிரேம் வாங்கியது வாங்கியதுதான், இப்போது அதற்குள் காலண்டர் முருகன் இருக்கிறார். அவரும் நல்ல தெளிவு.

மன்னிப்பெல்லாம் எதற்குக் கேட்கிறாய். நீ நடந்திருந்தால் ஒரு நாள் பெருமைப்பட்டிருப்பேன். இப்போது ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், என்னைப் பார்த்தால் ஆட்கள் வேறு பக்கம் திரும்புகிறார்கள்.

உன் அப்பா


12 மார்ச்

அப்பா, அம்மாவுக்கு,

முதல் வரி: கால் நன்றாக ஆறிவிட்டது. டாக்டர் பார்த்தார். அடுத்த வாரம் முதல் ரோந்து.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுஜாதா முன்னால் போய் நின்றபோது, உஸ்தாத் முன்னால் நின்றதை விட பயமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். என் முகம் இருந்த பிரிண்டையும் காட்டினேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் உடம்பில் உன் மூஞ்சி, கொஞ்சமும் பொருந்தவில்லை என்று சிரித்தாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பருப்புப் பொடி இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா, பொடி அனுப்பு.

தெளிவாக்க வேண்டாம் என்கிறாள். அவள் தொப்பி எப்போதும் ஒரு பக்கம் சாயும், உஸ்தாத் தினமும் திட்டுவார். கடுகு அளவிலும் அது தெரிகிறதாம். தன் அம்மாவுக்கு அது போதும், வேறு யார் முகமும் வேண்டாம் என்று சொல்லி, அப்படியே கும்லாவுக்கு அனுப்பிவிட்டாள். விலாசத்தைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை பாரக்கில் ஹிந்தியில் வாசித்துக் காட்டினேன். அப்பளம் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மைக்கை வாங்கிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்ததும் ஹவில்தார், இவர்தான் வி.ஐ.பி.யை உட்கார வைப்பவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தத் தடவை கூட்டிச் சொன்னதாகவே தோன்றவில்லை.

அப்பா, நீங்களும் அம்மாவும் மேடையில் நின்று பேசியதை அன்றைக்கு யாராவது போன் எடுத்துப் படம் பிடித்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். தூரத்திலிருந்து எடுத்திருந்தாலும், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தோணி அங்கிளிடம் கொடுக்காமல், வந்தபடியே அனுப்புங்கள். என் கட்டிலுக்கு மேலே ஒட்ட வேண்டும்.

கவி